டிக்கெட்டில் ஏறாத வெள்ளைக் கோடு

விமான டிக்கெட் தேடும் பக்கங்களில் இப்போதெல்லாம் விலைக்குப் பக்கத்திலேயே இன்னொரு எண்ணும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. இந்தப் பயணத்தில் உங்கள் பங்குக்கு இத்தனை கிலோ கார்பன் டை ஆக்சைடு என்று. குறைவாக இருந்தால் பச்சை எழுத்து, கூடவே சின்னதாக ஓர் இலைப் படம். நண்பன் ஒருவன் இப்படி இரண்டு விமானங்களின் விவரத்தை அனுப்பி, "எதுல போனா பாவம் கம்மி, நீயே சொல்லு" என்று கேட்டிருந்தான். ஒரே நிறுவனம், ஒரே ரக விமானம், ஒரே வழித்தடம். ஒன்று நண்பகலில் கிளம்புகிறது, மற்றது நள்ளிரவில். இரண்டுக்கும் ஒரே கிலோ. கேள்வி பாதி கிண்டல்தான். இரவு விமானம் விலை குறைவு, அதற்கு என் வாயால் ஒரு சம்மதம் வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரே எண் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. நண்பகல் விமானமும் நள்ளிரவு விமானமும் வானத்தில் விட்டுச்செல்வது ஒன்றாக இருக்க வாய்ப்பில்லை. எவ்வளவு வேறு என்று சொல்லப் போனபோதுதான் விஷயம் கையில் பிடிபடாமல் நழுவ ஆரம்பித்தது.

நான் சொல்வது விமானத்துக்குப் பின்னால் நீளும் அந்த வெள்ளைக் கோட்டை, காண்ட்ரெயிலை. ஒரு கிலோ விமான எரிபொருள் எரிந்தால் சுமார் 3.16 கிலோ கார்பன் டை ஆக்சைடும், சுமார் 1.24 கிலோ நீராவியும் வெளியேறுகின்றன. டிக்கெட் பக்கத்தில் ஏறுவது முதல் எண் மட்டும். இரண்டாவது எண், மைனஸ் 40 டிகிரிக்கும் கீழே உறைந்து கிடக்கும் காற்றில் போய்க் கலக்கிறது. கூடவே எஞ்சின் கக்கும் கரித்துகள்களின் மேல் நீர் ஒட்டிக்கொண்டு, கணப்பொழுதில் பனித்துகளாக உறைகிறது. கோடு பிறந்துவிட்டது. சுற்றியிருக்கும் காற்று வறண்டதாக இருந்தால் ஓரிரு நிமிடங்களில் அது கரைந்தும் போகும். பெரும்பாலான கோடுகளின் கதை இதோடு சரி.

ஆனால் விமானங்கள் பறக்கும் உயரத்தில் சில அடுக்குகள் இருக்கின்றன. அங்கே காற்று பனியைப் பொறுத்தவரை மிகைச்செறிவு அடைந்திருக்கும். அதாவது, தன்னால் தாங்க முடிந்ததைவிட அதிக ஈரத்தைச் சுமந்துகொண்டு, பனி உருவாக ஒரு சாக்குக் கிடைக்காதா என்று காத்திருக்கும். அந்தச் சாக்கை விமானம் கொடுக்கிறது. பனித்துகள்கள் சுற்றியுள்ள ஈரத்தை இழுத்துப் பெருக்கின்றன, காற்று அவற்றை அகலமாகப் பரத்துகிறது. சில மணி நேரத்தில் கோடு என்று சொல்லவே முடியாதபடி, இயற்கையான கீற்று முகிலோடு கலந்துவிட்ட ஒரு மெல்லிய விரிப்பு மட்டும் மிஞ்சுகிறது. உலக வானிலை அமைப்பு 2017இல் தன் மேக அட்லஸைத் திருத்தியபோது, பத்து நிமிடமாவது நிலைத்து நிற்கும் கோட்டை முறையான மேக வகையாகவே சேர்த்துக்கொண்டது. இதில் என்னை மிகவும் ஆச்சரியப்படுத்துவது, அந்த விரிப்பில் இருக்கும் பனியில் எஞ்சின் தந்த நீர் மிகச் சிறு பங்குதான் என்பது. மற்றதெல்லாம் அங்கேயே இருந்த ஈரம். வானத்தில் ஏதோ ரசாயனம் தெளிக்கிறார்கள் என்று வீடியோ பரப்புகிறவர்கள் அந்தக் கோட்டில் என்ன கலந்திருக்கிறது என்றே துருவிக்கொண்டிருக்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்வி அது எத்தனை மணி நேரம் நிற்கிறது, சூரியன் எங்கே இருக்கும்போது நிற்கிறது என்பது.

பகல் கணக்கு, இரவுக் கணக்கு

சூரியன் இருக்கும்போது இந்த விரிப்பு ஒரு குடை, இல்லாதபோது போர்வை. பகலில் வெயிலின் ஒரு பகுதியை மேலேயே திருப்பி அனுப்புகிறது. அதே நேரம் பூமியிலிருந்து மேலே கிளம்பும் அகச்சிவப்புக் கதிர்களையும் தடுத்து நிறுத்துகிறது. குளிர்விப்பதும் சூடாக்குவதும் ஒன்றையொன்று ஓரளவு கழித்துக்கொள்ளும். இரவில் கழித்துக்கொள்ள எதுவும் இல்லை, சூடாக்குவது மட்டும்தான் நடக்கும். நிக்கோலா ஸ்டூபர் குழுவினர் 2006இல் நேச்சர் இதழில் தென்கிழக்கு இங்கிலாந்தின் வானத்தை எடுத்துக்கொண்டு இதைக் கணக்கிட்டார்கள். அங்கே நாள் முழுவதும் பறப்பதில் நான்கில் ஒரு பங்குதான் இரவு விமானங்கள். ஆனால் கோடுகளால் வரும் சூடேற்றத்தில் 60 முதல் 80 சதவீதம் அவற்றால் வந்தது. குளிர்காலத்தில் பறப்பவை ஆண்டுப் போக்குவரத்தில் 22 சதவீதம். ஆண்டுச் சூடேற்றத்தில் ஏறக்குறைய பாதி அவற்றின் கணக்கில் விழுந்தது.

இதைப் படித்ததும் நண்பனுக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று தோன்றலாம். பகல் விமானத்தில் போ, கூடுதல் காசைப் புண்ணியக் கணக்கில் எழுதிக்கொள். நானும் கிட்டத்தட்ட அப்படித் தட்டச்சு செய்துவிட்டு அனுப்பாமல் வைத்திருந்தேன். பிற்பகலில் போடப்பட்ட கோடு அந்தி தாண்டியும் நின்றால் அது இரவுக் கணக்கில் சேரும். விடிவதற்குச் சற்று முன் போடப்பட்ட கோடு பகலைப் பார்த்து வாழும். கிளம்பும் நேரம் கோட்டின் ஆயுளைச் சொல்வதில்லை. தவிரவும், தென்கிழக்கு இங்கிலாந்து உலகத்தின் வானம் ஆகிவிடாது.

ஒரு சின்ன விலகல். இந்தப் பேச்சு வந்தாலே 2001 செப்டம்பர் 11க்குப் பிறகு அமெரிக்க வான்வெளி மூன்று நாள் மூடிக்கிடந்த கதையை யாராவது எடுத்துவிடுவார்கள். டேவிட் டிராவிஸ் குழு 2002இல் வெளியிட்ட ஆய்வு அது. அந்த நாட்களில் பகல் உச்ச வெப்பத்துக்கும் இரவுத் தாழ்வுக்கும் இடையிலான வித்தியாசம் வழக்கத்தைவிட 1.1 டிகிரி கூடியது என்றார்கள். கூடியது வித்தியாசம்தான், சராசரி வெப்பம் இல்லை. அந்த நாட்களில் வானம் இயல்பாகவே தெளிவாகவும் வறட்சியாகவும் இருந்தது, அதுவே வித்தியாசத்தை விளக்கப் போதும் என்று பின்னால் வந்த ஆய்வுகள் வாதிட்டன. விமானம் நின்றதால் நாடே ஒரு டிகிரி குளிர்ந்தது என்று யாராவது சொன்னால் தயவுசெய்து நம்பாதீர்கள். நல்ல கதைதான், ஆனால் ஆதாரமாகத் தூக்கிப்பிடிக்க மெலிந்த கதை.

எந்த அளவுகோல்?

சரி, உலகம் முழுக்க எவ்வளவு? அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் கணக்கு டேவிட் லீ குழுவினர் 2021இல் வெளியிட்டது. பூமியின் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் எத்தனை மில்லிவாட் வெப்பம் கூடுதலாகத் தங்குகிறது என்பது அவர்களின் அளவு. 2018ஆம் ஆண்டு நிலவரப்படி விமானப் போக்குவரத்தின் மொத்த விளைவு சுமார் 100 மில்லிவாட். அதில் கார்பன் டை ஆக்சைடின் பங்கு 34, கோடுகளும் அவற்றிலிருந்து விரிந்த முகில்களும் சேர்ந்து 57. உடனே "வெள்ளைக் கோடு கார்பனைவிட மோசம்" என்று தலைப்பு எழுதிவிடலாம். பலர் எழுதவும் செய்தார்கள்.

எனக்கு அந்தத் தலைப்பு ஒட்டவில்லை. முதல் காரணம், 57 என்பது ஒரு நடு மதிப்பு. அதன் நிச்சயமின்மை 17இலிருந்து 98 வரை நீள்கிறது. பின்னால் வந்த சில கணிப்புகள் 57ஐவிடக் குறைவாகவும் சொல்கின்றன. இரண்டாவது காரணம் இன்னும் முக்கியமானது. கார்பனின் 34இல் 1940 முதல் 2018 வரை பறந்த அத்தனை விமானங்களின் மிச்சமும் இருக்கிறது, மொத்தம் சுமார் 3,260 கோடி டன். கோடுகளின் 57 அந்த ஆண்டு பறந்த விமானங்கள் மட்டும் போட்டது. நாளைக்கே எல்லா விமானங்களும் தரையிறங்கினால், கோடுகளின் சூடேற்றம் அடுத்த நாளே ஏறக்குறைய பூஜ்யம். கார்பனின் 34 அன்றைக்கு அப்படியே இருக்கும், அதில் கணிசமான பகுதி பல நூற்றாண்டுகள் இருக்கும். 2020இல் பெருந்தொற்றின்போது வானம் வெறிச்சோடியதே, அப்போது நடந்ததும் இதுதான். கோடு குறைந்தது, ஏற்கெனவே ஏறியிருந்த கார்பன் அசையவில்லை.

இவை இரண்டையும் ஒரே தராசில் நிறுத்த வேண்டுமென்றால் எத்தனை ஆண்டு வரை பார்ப்பது என்று நாம் முடிவு செய்தாக வேண்டும். அதே லீ குழுவின் கணக்குப்படி, 20 ஆண்டுக் கண்ணாடி போட்டுப் பார்த்தால், விமானம் விடும் ஒவ்வொரு கிலோ கார்பன் டை ஆக்சைடுக்கும் கோடுகளால் இன்னும் 2.3 கிலோவுக்குச் சமமான விளைவு. 100 ஆண்டுக் கண்ணாடி போட்டால் அதே கோடுகள் 0.63 கிலோவுக்குச் சமம். இயற்பியல் மாறவில்லை. மாறியது, எந்தத் தலைமுறையின் வெப்பத்தைக் கணக்கில் எடுக்கிறோம் என்பது. இதை எந்த விஞ்ஞானியும் நமக்காக முடிவு செய்து தர முடியாது. ஆகவே "உண்மையான பாதிப்பு கார்பனைப்போல மூன்று மடங்கு" என்று ஒரே எண்ணைக் காட்டும் எந்தக் கணிப்பானையும் நான் சற்றுத் தள்ளி நின்றுதான் பார்க்கிறேன். அளவுகோலைச் சொல்லாமல் அளவை மட்டும் சொல்வது சரியில்லை.

நூற்றில் இரண்டு

என் யோசனை திசை மாறியது ஜப்பானிய வான்வெளியைப் பற்றிய ஓர் ஆய்வில். லண்டன் இம்பீரியல் கல்லூரியின் ரோஜர் டியோவும் அவருடைய சகாக்களும் 2020இல் வெளியிட்டது. கோடுகளால் வந்த சூடேற்ற ஆற்றலில் 80 சதவீதத்துக்கு அங்கே பறந்த விமானங்களில் 2.2 சதவீதம்தான் காரணம் என்று கண்டார்கள். நூறு விமானம் பறந்தால் ஏறக்குறைய இரண்டு. மற்றவை கோடே போடாமலும், போட்டாலும் சீக்கிரம் கரைந்தும், பகலில் குடையும் போர்வையும் சமமாகியும் கழிந்துவிட்டன. வட அட்லாண்டிக்கில் இதே குழு பிறகு பார்த்தபோது அங்கே 12 சதவீத விமானங்கள் அந்த 80ஐச் சுமந்தன. அங்கே ஈர அடுக்குகள் அதிகம், இரவில் கடப்பவையும் ஏராளம். இடத்துக்கு இடம் எண் மாறும். ஆனால் பாரம் முழுவதும் சிலரின் தலையில் விழுகிறது என்ற அமைப்பு மாறவில்லை.

இதைப் படித்த பிறகு நண்பனின் கேள்வியையே நான் வேறு மாதிரிப் பார்க்க வேண்டியிருந்தது. அவன் அனுப்பிய இரண்டு விமானங்களில் எது அந்த இரண்டு சதவீதத்தில் வரும்? டிக்கெட் எடுக்கும் நாளில் யாருக்கும் தெரியாது. தெரியவே முடியாது. அந்த ஈர அடுக்கு எங்கே இருக்கும் என்பது பறப்பதற்குச் சில மணி நேரம் முன்புதான் ஓரளவு புலப்படும். பகலா இரவா என்பதெல்லாம் வாய்ப்பைக் கூட்டிக் குறைக்கும் அளவில் மட்டும்தான். "விமானப் பயணத்தின் கார்பனை இரண்டால் பெருக்கு, கோட்டுக்கும் சேர்த்து ஆயிற்று" என்று சில கணிப்பான்கள் செய்கின்றன. அந்தப் பெருக்கலால் வருவது ஒரு சராசரி. எந்த ஒரு விமானத்துக்கும் பொருந்தாத சராசரி. பெரும்பாலான பயணிகளைச் செய்யாத தவறுக்குக் குற்றவாளி ஆக்கிவிட்டு, உண்மையில் பெரிய விரிப்பைப் போட்ட அந்த ஒரு விமானத்தை மிகச் சொற்பத்தில் விட்டுவிடுகிறது. நண்பனுக்கு நான் எழுதியது இதுதான்: கார்பனைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்று, கோட்டைப் பொறுத்தவரை தேர்ந்தெடுக்க வேண்டியவன் நீ இல்லை. "அப்ப நைட்டு ஃப்ளைட்டே போட்டுடறேன்" என்று பதில் வந்தது.

ஜப்பானிய ஆய்வின் இரண்டாவது பாதியில் இன்னொரு கணக்கு இருந்தது. 1.7 சதவீத விமானங்களை மட்டும் தேர்ந்தெடுத்து உயரத்தைச் சற்று மாற்றினால் கோடுகளின் சூடேற்றத்தில் 59 சதவீதம் குறையும். அதற்காக மொத்தப் போக்குவரத்தும் கூடுதலாக எரிப்பது 0.014 சதவீத எரிபொருள். காரணம் அந்த அடுக்குகளின் வடிவம். பக்கவாட்டில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பரந்திருந்தாலும் தடிமன் பெரும்பாலும் சில நூறு மீட்டர்தான். சுற்றிப் போக வேண்டியதில்லை, ஏறியோ இறங்கியோ தாண்டிவிடலாம்.

இது புதிய யோசனையும் இல்லை. இரண்டாம் உலகப்போரில் வெள்ளைக் கோடு குண்டுவீச்சு விமானங்களைக் காட்டிக்கொடுத்தது. எந்த உயரத்தில், எந்த வெப்பநிலையில் கோடு விழும் என்று ஜெர்மனியின் எர்ன்ஸ்ட் ஷ்மிட் 1941இல் கணக்கெழுதினார், அமெரிக்காவின் ஹெர்பர்ட் ஆப்பிள்மன் 1953இல் அதைச் செப்பனிட்டார். இன்றும் காலநிலையைக் கணிக்கும் கணினி மாதிரிகள் பயன்படுத்துவது இந்த இருவர் பெயரிலான விதியைத்தான். எதிரியின் கண்ணில் படாமல் இருக்கக் கேட்ட கேள்வியை இப்போது வேறு காரணத்துக்காகத் திரும்பக் கேட்கிறோம்.

முடிவு யார் கையில்

ஒவ்வொரு விமானத்துக்கும் பறப்புத் திட்டம் போடுகிறவர் ஒருவர் இருக்கிறார், டிஸ்பாட்சர். காற்று எங்கே சாதகம், எங்கே புயல், எந்த உயரத்தில் எரிபொருள் குறைவு என்று பார்த்து வழியும் உயரமும் தீர்மானிப்பவர். வானத்தில் ஏறிய பிறகு உயரத்தை மாற்ற அனுமதிப்பவர் தரையில் இருக்கும் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர். கோடு விஷயத்தில் பொறுப்பு இந்த இரண்டு நாற்காலிகளுக்கும், அவர்கள் என்ன செய்யலாம் என்று விதி வகுப்பவர்களுக்கும் உரியது. இரண்டு பக்கத்திலிருந்தும் சோதனை நடந்திருக்கிறது. 2021இல் ஐரோப்பாவின் மாஸ்ட்ரிக்ட் கட்டுப்பாட்டு மையமும் ஜெர்மன் விண்வெளி மையமும் சேர்ந்து, கட்டுப்பாட்டாளர்களே சில விமானங்களை உயரம் மாறச் சொல்லிப் பார்த்தார்கள். பெருந்தொற்றால் வானம் காலியாக இருந்ததும் அதற்கு வசதியாக இருந்தது. நெரிசலான நாளில், ஒரே உயரத்துக்கு இன்னும் பத்து விமானங்களை அனுப்பு என்றால் கட்டுப்பாட்டாளர் ஒப்ப மாட்டார், ஒப்பவும் கூடாது. 2023இல் கூகுள், அமெரிக்கன் ஏர்லைன்ஸ், பிரேக்த்ரூ எனர்ஜி மூன்றும் சேர்ந்து 70 சோதனைப் பறப்புகளின் முடிவைச் சொன்னார்கள். செயற்கைக்கோள் படங்களில் கோடுகள் 54 சதவீதம் குறைந்திருந்தன. உயரம் மாறிய விமானங்கள் 2 சதவீதம் கூடுதல் எரிபொருள் எரித்தன.

அந்த 2 சதவீதத்தில்தான் என் தயக்கம் மாட்டிக்கொண்டிருக்கிறது. கணிப்பு தவறி, கோடே விழாத இடத்தில் விமானத்தை இறக்கி ஓட்டினால், தவிர்த்தது ஒன்றுமில்லை, கூடுதலாக எரித்த கார்பன் மட்டும் நூற்றாண்டுகளுக்கு நிற்கும். வானிலை மாதிரிகள் அந்த உயரத்தின் வெப்பநிலையை நன்றாகவே கணிக்கின்றன. ஈரப்பதத்தில்தான் தடுமாறுகின்றன. போதாததற்கு, தவிர்த்துவிட்டோம் என்பதைக் காட்டுவதும் சுலபமில்லை. விழாத கோட்டைப் படம் பிடிக்க முடியாது, அந்த விமானம் பழைய உயரத்திலேயே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைக் கணினி மாதிரிதான் சொல்ல வேண்டும். எரிபொருளை மாற்றுவது இந்தத் தொல்லை இல்லாத வழி. எரியும்போது கரியை அதிகம் விடும் அரோமாட்டிக் சேர்மங்கள் குறைவான எரிபொருள் கரித்துகளைக் குறைக்கிறது, பனித்துகள்களும் குறைகின்றன. பறந்தே அளந்து பார்த்திருக்கிறார்கள். ஆனால் அந்த எரிபொருள் இன்று கிடைப்பது மொத்தத் தேவையில் ஒரு துளி.

இத்தனை தயக்கத்துக்குப் பிறகும், ஆரம்பிக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. ஆனால் எல்லா விமானத்தையும் நகர்த்துவதிலிருந்து இல்லை. இரவில், ஈரம் உறுதியாகத் தெரிகிற பெரிய அடுக்குக்குள் நேராகப் போகப்போகிற விமானங்களை மட்டும் முதலில் எடுக்க வேண்டும். அங்கே கணிப்பு கொஞ்சம் பிசகினாலும் லாபம் பெரியது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரி முதல் கார்பன் அல்லாத விளைவுகளையும் கணக்குக் காட்டும்படி விமான நிறுவனங்களைக் கேட்க ஆரம்பித்திருக்கிறது. அறிவியல் இன்னும் அந்த அளவுக்கு முதிரவில்லை, கட்டாயம் வேண்டாம் என்பது நிறுவனங்களின் கூட்டமைப்பான ஐயாட்டாவின் வாதம். நிச்சயமின்மை இருக்கிறது என்பதில் அவர்கள் சொல்வது சரி. அதனால் அளக்கவே வேண்டாம் என்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை. அளக்காமல் அந்த நிச்சயமின்மை எப்படிக் குறையும்?

இன்னொரு விஷயத்திலும் நான் பிடிவாதமாக இருக்கிறேன். கோட்டைக் குறைத்ததைக் கார்பன் கணக்கில் கழித்துக்கொள்ள எந்த நிறுவனத்தையும் விடக் கூடாது. இன்றைக்குத் தவிர்த்த கோட்டின் பலன் இன்றோடு சரி, அடுத்த நாள் மறுபடி தவிர்க்க வேண்டும். எரித்த ஒரு டன்னுக்கு அது ஈடாகாது. இரண்டு நோட்டில் இரண்டு கணக்கு, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றல் கிடையாது.

உடனடியாகச் செய்யக்கூடியது என்று பார்த்தால், பயணிகள் விமானங்களில் ஈரப்பத உணரிகளைப் பொருத்துவதைத்தான் சொல்வேன். ஐரோப்பிய ஆய்வு அமைப்பான ஐ.ஏ.ஜி.ஓ.எஸ் சில பயணிகள் விமானங்களில் கருவிகளை வைத்துப் பல ஆண்டுகளாக அளந்துவருகிறது. அவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. எந்த நேரத்தில் பார்த்தாலும் வானில் ஆயிரக்கணக்கான விமானங்கள் அதே அடுக்குகளுக்குள் நுழைந்து வெளியே வந்துகொண்டிருக்கின்றன. வெப்பநிலையையும் காற்றையும் அளந்து வானிலை மையங்களுக்கு அனுப்பும் வேலையை அவற்றில் பல ஏற்கெனவே செய்கின்றன. அந்தச் செய்தியில் ஈரப்பதத்துக்கும் ஓர் எண் சேர்ந்தால், பின்னால் வரும் விமானத்துக்குப் பறப்புத் திட்டம் போடுகிறவர் மாதிரியின் யூகத்தை மட்டும் நம்பியிருக்க வேண்டியதில்லை.